சிரிப்புப் பக்கத்தில் வராத பாதி

திருவண்ணாமலை,
புதன்கிழமை, மாலை நான்கு மணி.

அன்பு மருமகன் ஃபைசானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தேரடி வீதி லுங்கி-பனியன் சாம்ராஜ்யத்தின் ஏகச் சக்கரவர்த்தியும், 'தினச்சாரல்' ஞாயிறு இணைப்பின் சிரிப்புச் சுல்தானும், உன் அம்மி ரசியா பேகத்தின் ஒரே தம்பியுமான மாமு ஜானி பாஷா எழுதிக்கொள்வது. இருபத்திரண்டு வருடமாக யாருக்குக் கடிதம் எழுதினாலும் இப்படித்தான் ஆரம்பிப்பேன். பழக்கத்தில் கை தானாக எழுதிவிட்டது. பட்டமெல்லாம் கிடக்கட்டும். மாமு எழுதுகிறேன், அவ்வளவுதான்.

நீ என் நம்பரைத் தடுத்து வைத்துப் பத்து நாள் ஆகிறது. வடைக்கடை சந்திரகலா கூப்பிட்டாலும் நீ எடுப்பதில்லை என்று அவள் சொன்னாள். உன் அம்மி போனை மட்டும் எடுக்கிறாய், இரண்டு நிமிடம் பேசுகிறாய். அந்தப் போனை அவள் என் கையில் தருவதில்லை. அங்கே தொழிலாளர் கேம்ப்பில் யார் என்ன பேசுகிறார்கள் என்று சூப்பர்வைசர் காது நீட்டுகிறான் என்றும் கேள்விப்பட்டேன். அதனால்தான் இந்த யுகத்தில் காகிதமும் பேனாவும். லீவில் வந்து இங்கே மாட்டிக்கொண்ட நம்ம அஜ்மலுக்கு நாளை விமானம். போரால் நின்ற விமானம் மறுபடி ஓட ஆரம்பித்ததே நேற்றுதான், முதல் ஆளாக டிக்கெட் போட்டுவிட்டான். இதை அவன் உன் கையில் கொடுப்பான். படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

உன் அம்மி நலம். சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்தி, கோபம் அதைவிட ஜாஸ்தி. ஊரும் நலம் என்று எழுதினால் பாதிப் பொய். கேஸ் சிலிண்டர் வரிசை இங்கே ஆரம்பித்தால் செங்கம் வரை நிற்கிறது. வரிசையில் நின்ற ஒருத்தருக்குப் பேரன் பிறந்து, அந்தப் பேரனுக்கே மீசை முளைத்துவிட்டது. ரமணாசிரமம் பக்கம் வெள்ளைக்காரர்கள் விமானம் கிடைத்தவரை கிளம்பிவிட்டார்கள். காபிக் கடைகளில் நாற்காலிகளே ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. பார்த்தாயா, கை மறுபடி விளையாடுகிறது. பொறுத்துக்கொள்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததும் இதில் இருக்கும். தெரியாதது ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

நீ இருக்கிற பக்கம் போர் வெடித்த மறுநாளே ஆசிரியர் ராமதாஸ் சார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். மேசை மேல் அன்றைய முதல் பக்கம், எரிகிற எண்ணெய்க் கிடங்கு, பக்கத்தின் முழு அகலத்துக்கும் புகை. "பாய், முன்பக்கம் பூரா எரியுது. ஜனங்க எங்கியாச்சும் ஒரு இடத்துல மூச்சு உடணும்ல? ஞாயித்துக்கிழமை இணைப்பை நாலு பக்கத்துலேர்ந்து எட்டாக்கப் போறேன். சிரிப்பு ஜாஸ்தி வேணும்" என்றார். அப்படியே ஆக்கினார். குறுக்கெழுத்து இரண்டு மடங்கு. ஆறு வித்தியாசம் கண்டுபிடிக்கிற படம் அரைப் பக்கம். அடுப்பே பற்றவைக்காமல் ஏழு வகைச் சட்னி. ராசிபலனில் பன்னிரண்டு ராசிக்கும் நல்ல காலம். ஏவுகணை எந்த ராசியின் தலையிலும் விழவில்லை. போருக்கு முன் விற்றதைவிட ஞாயிறு பேப்பர் இரண்டு மடங்கு விற்றது.

என் பத்திக்கும் புதுப் பெயர் வைத்தார்: 'சைரன் சிரிப்பு'. சரக்கு கொடுத்தது நீ. துறைமுகக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிவிட்டு ராத்திரி ரூமுக்கு வந்து எனக்கு வாய்ஸ் அனுப்புவாயே, அதுதான். பதுங்கு அறை இல்லாத கேம்ப். சைரன் ஊதினால் எல்லாரும் மாடிப்படிக்கு அடியில் ஓடுவது. உன் பீகார் கூட்டாளி குக்கரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடி, விசில் ஊதும்வரை கழற்றமாட்டேன் என்றது. நான் கடையில் பனியன் மடித்துக்கொண்டே கேட்பேன். சிரிப்பு வருகிற இடத்தை மட்டும் நோட்டில் குறித்துக்கொள்வேன். கொஞ்சம் ஊதி, கொஞ்சம் சாயம் பூசி, செவ்வாய்க்கிழமை ராமதாஸ் சாரிடம் கொடுத்துவிடுவேன்.

வாசகர்கள் உன் ரூம் ஆட்களை சொந்தக்காரர்கள் போல ஆக்கிவிட்டார்கள். அதிலும் தருமன். நம் ஊர், அடி அண்ணாமலைக்காரன், உன் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டில். சைரனுக்கு எழுந்திருக்கமாட்டான், நாலு பேர் அவனைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு படி இறங்குவோம் என்று நீ சொன்னாய். நான் அதைத் தேரோட்டமாக்கினேன். மகாரதம் அசைகிறது, வடம் பிடிக்க வாருங்கள் மெய்யன்பர்களே என்று எழுதினேன். கலெக்டர் ஆபீஸ் வாசல் டீக்கடையில் இரண்டு குமாஸ்தாக்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்ததை நான் என் காதால் கேட்டேன். அன்று எனக்கு ஒரு அடி உயரம் கூடியது, சட்டை பற்றவில்லை.

முதல் வாரம் அவன் பெயரைப் போடவில்லை. 'ஒரு நண்பர்' என்றுதான் போட்டேன். பெயரைப் போட வைத்தது அவன் மனைவி சந்திரகலா. கிரிவலப் பாதையில் அவளுடைய வடைக்கடை முன்னால் என் மொபெட்டை மறித்து நிறுத்தினாள். "இன்னா பாய், பீகார்க்காரன் குக்கரைக்கூட எழுதுறீங்க, எங்க ஊட்டுக்காரர் பேரு மட்டும் வாயில நுழையலியா? பேப்பர்ல பேர் வந்தா நாங்களும் நாலு பேருக்குக் காட்டுவோம்ல?" என்று சண்டை போட்டாள். அவள் சொன்னது நியாயமாகப் பட்டது. அடுத்த வாரம் 'அடி அண்ணாமலை தருமன்' என்று கொட்டை எழுத்தில் போட்டேன். அவள் அதைக் கத்தரித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, எண்ணெய் டின்னுக்கு மேலே மாட்டினாள். பௌர்ணமிக்கு மலை சுற்ற வந்த ஜனங்களெல்லாம் வடை தின்றுகொண்டே படித்தார்கள்.

அதிலிருந்து ஒரு வழக்கம் ஆகிவிட்டது. ஞாயிறு காலை நான் பஸ் நிலையத்தில் பேப்பர் வாங்குவேன். முன்பக்கத்தை நான் பார்ப்பதே இல்லை, ஃபைசான். இதை உன்னிடம் ஒத்துக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. இணைப்பை உருவி, என் பத்தி எந்த மூலையில் வந்திருக்கிறது, என் பெயர் எத்தனை பெரிய எழுத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, மிச்சப் பேப்பரை மடித்து மொபெட் பையில் போடுவேன். நேராக சந்திரகலா கடை. மிச்சப் பேப்பர் அவளுக்கு வடை மடிக்க. இணைப்பு நான் உரக்கப் படிக்க.

இணைப்பு வியாழக்கிழமையே அச்சாகிவிடும் என்பது உனக்குத் தெரியாமல் இருக்கலாம். ஊருக்கெல்லாம் கட்டு கட்ட வேண்டுமல்லவா? முன்பக்கம் மட்டும் சனிக்கிழமை ராத்திரி அடிப்பார்கள். ஞாயிறு விடிகாலை ஏஜென்ட்டுகள் இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று செருகுவார்கள். சிரிப்புப் பக்கத்துக்குச் சனிக்கிழமை என்று ஒரு நாளே கிடையாது.

அந்தச் சனிக்கிழமை உன் கேம்ப் மேல் குண்டு விழுந்தது. அன்று முழுக்க அங்கே போன் இல்லை. உன்னால் உன் அம்மிக்கும் சொல்ல முடியவில்லை. இங்கே யாருக்கும் எதுவும் தெரியாது.

ஞாயிறு காலை எட்டு மணி இருக்கும். கடை முன்னால் ஏழெட்டுப் பேர். தருமன் மகள் தேவிப்ரியா, மூன்றாவது படிக்கிறாளே, பெஞ்சில் உட்கார்ந்து எனக்காகக் காத்திருந்தாள். ஆறு வித்தியாசம் படம் இருக்கிற தாளை உருவி அவளிடம் கொடுத்தேன். சந்திரகலா கரண்டியை ஆட்டி, "வாங்க பாய், இந்த வாரம் எங்க ஊட்டுக்காரர் இன்னா பண்ணாராம்?" என்றாள். மிச்சப் பேப்பரை அவளிடம் கொடுத்து, அவள் நாலு பேருக்கு வடை மடித்துக் கொடுத்து முடித்ததும் நான் தொண்டையைச் செருமினேன். நாடக மேடை ராஜா போல ஒரு கையை நீட்டிப் படித்தேன். 'பிரளயமே வந்து கதவைத் தட்டினாலும் அடி அண்ணாமலை தருமன், அப்புறம் வாப்பா என்று திரும்பிப் படுப்பார். ஊருக்கெல்லாம் சைரன் அபாயச் சங்கு, தருமனுக்கு மட்டும் தாலாட்டு.' எல்லாரும் சிரித்தார்கள். சந்திரகலா சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது, முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

திருக்கோவிலூர் பக்கத்து ஆள் ஒருத்தர் வடை தின்று முடித்துவிட்டு, எண்ணெய்ப் பேப்பரை வெளிச்சத்தில் பிடித்து ஏதோ படித்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, இதுலயும் அடி அண்ணாமலை தருமன்னு போட்டுருக்கே" என்றார். இணைப்பின் இன்னொரு பக்கம் என்று நினைத்து நான் பெருமையாகத் திரும்பினேன். "துறைமுகக் குடியிருப்புல குண்டு விழுந்து, கூரை சரிஞ்சி, ஆஸ்பத்திரில கவலைக்கிடம்னு போட்டிருக்கான்" என்றார். அடிபட்டவர்கள் பட்டியல் ராத்திரியே பேப்பருக்கு வந்துவிட்டதாம். அவர் கெட்ட மனிதர் இல்லை. படித்ததைச் சொன்னார்.

சந்திரகலா அந்தப் பேப்பரை வாங்கினாள். அவளே பத்து நிமிடத்துக்கு முன் கிழித்து வடை வைத்துக் கொடுத்த பேப்பர். பேப்பரைப் படித்தாள், என் கையிலிருந்த இணைப்பைப் பார்த்தாள், மறுபடி பேப்பரைப் படித்தாள். சட்டியில் வடை கருகியது. யாரும் எடுக்கவில்லை. அப்போது தேவிப்ரியா என் சட்டையைப் பிடித்து இழுத்து, "பாய் மாமா, அஞ்சு கண்டுபுடிச்சிட்டேன், ஆறாவது எங்க?" என்று கேட்டாள்.

பேட்டா, எனக்கு வயது ஐம்பத்தெட்டு. இந்த வாய் ஒரு நாளும் ஓய்ந்ததில்லை. என் அப்பாவின் ஜனாஸா ஊர்வலத்தில்கூட நாலு பேரைச் சிரிக்க வைத்தவன் நான். அன்று மட்டும், வாயைத் திறந்தால் அந்தத் தாலாட்டு வரிதான் நாக்கில் நின்றது. மொபெட்டை அங்கேயே விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன். வந்து சேர்ந்த பிறகுதான் மொபெட் நினைவே வந்தது.

மதியம் உன் செய்தி வந்தது. கேம்ப் குரூப்பில் யாரோ என் பத்தியைப் படம் பிடித்துப் போட்டுவிட்டார்கள் போல. நீ எழுதியது ஒரே வரி: 'மாமு, நான் சொன்னதுல பாதிய எங்க போட்டீங்க?' அதோடு நம்பரைத் தடுத்துவிட்டாய்.

எங்கே போட்டேன் என்று எனக்குத் தெரியும். சத்தியமாகத் தெரியும். நீ சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் இப்போது காதில் நிற்கிறது. கட்டில் தூக்குகிற கதையைச் சொல்லிவிட்டு, சிரிப்பு அடங்கின பிறகு, வேறு குரலில் சொன்னாய். "அது சிரிப்பு இல்ல மாமு. பாதிப் பேர் ஓடிட்டானுங்க, அவனுங்க வேலையும் எங்க தலைமேலதான். ரெண்டு ஷிப்ட், பதினாறு மணி நேரம். தருமண்ணன் மூணு வாரமா ஒரு நாள் லீவு இல்லாம செய்யுறாரு. எழுப்புனா எழுந்திருக்கிறாரு மாமு, நிக்க முடியல, முட்டி மடங்கிப் போவுது. அதனாலதான் கட்டிலோட தூக்குறோம்." இவ்வளவும் கேட்டேன். கேட்டுவிட்டு நோட்டை மூடினேன். பத்திக்கு இருநூறு வார்த்தைதான் இடம், கடைசி வரியில் சிரிப்பு நிற்க வேண்டும் என்பது ராமதாஸ் சார் சட்டம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ராமதாஸ் சார் அந்த வரிகளை வெட்டவில்லை, ஃபைசான். அவர் கண்ணுக்கே அது போகவில்லை. வெட்டியது நான்.

இதுவரை உனக்குத் தெரிந்தது. இனி உனக்குத் தெரியாதது.

போன வெள்ளிக்கிழமை, கம்பெனிக்கு ஆள் எடுக்கிற ஏஜென்ட் சந்திரகலாவை வேங்கிக்கால் ஆபீசுக்கு வரச் சொன்னான். துணைக்கு வா என்று என்னைக் கூப்பிட அவளுக்கு எப்படி மனசு வந்ததோ தெரியவில்லை. "எனக்கு இங்கிலீஷ் தெரியாது பாய், வாங்க" என்றாள், அவ்வளவுதான். கலெக்டர் ஆபீஸ் தாண்டி புதுக் கட்டடம், மாடியில் ஏசி ரூம். ஏஜென்ட் தேனாகப் பேசினான். தருமனுக்கு மூச்சு தானாக வருகிறது, கண் திறக்கவில்லை, கம்பெனி கருணையோடு நர்ஸ் ஒருத்தரைக் கூட அனுப்பி சென்னை வரை கொண்டுவந்து விட்டுவிடும், இங்கே ஒரு கையெழுத்து மட்டும் போதும் என்றான். பேப்பரை நான் வாங்கிப் படித்தேன். வேலை நேரம் முடிந்து அறையில் இருந்தபோது, எச்சரிக்கைச் சங்கை வழக்கமாகவே அலட்சியம் செய்கிறவர் என்பதால், தன் கவனக்குறைவால் அடிபட்டார், இனி கம்பெனிக்குப் பொறுப்பு இல்லை என்று இருந்தது. வழக்கமாகவே என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டேன். ஃபைலைப் புரட்டினான்.

என் பத்தி இருந்தது. கத்தரித்து, ஒட்டி, தேதி போட்டு. பக்கத்தில் இங்கிலீஷில் ஒரு தாள், அரபியில் ஒரு தாள், இரண்டிலும் மொழிபெயர்ப்பாளர் முத்திரை. என் எழுத்து கடல் தாண்டி வேற்று மொழிகளில் போக வேண்டும் என்று இருபத்திரண்டு வருடமாகக் கனவு கண்டவன் நான். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் பீற்றியிருக்கிறேன். போய்விட்டது, பேட்டா. பிரளயம், தாலாட்டு, எல்லாம் ஒரு எழுத்து விடாமல் போயிருக்கிறது. இங்கிலீஷ் தாளில் அந்த வரிக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டிருந்தது. கேட்காமலே அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"நீங்கதானே சார் இதை எழுதினது? பொய்யா எழுதினீங்க?" என்று ஏஜென்ட் கேட்டான். பொய் என்றால் நான் பொய்யன், என் சாட்சி செல்லாது. உண்மை என்றால் தருமன் அலட்சியக்காரன். "இது பாதி, மீதி இருக்கு" என்றேன். "மீதி எங்க சார்?" என்றான். சிரிக்காமல்தான் கேட்டான், ஆனால் சிரித்திருந்தால் தேவலை போல இருந்தது. மீதி எங்கே? உன் வாய்ஸ் எதுவும் என்னிடம் இல்லை. காலை வணக்கப் படங்கள் நிறைந்து போன் திணறுகிறது என்று நான்தான் மெஹ்ஜபீனிடம் கொடுத்து எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னேன். என் மகள் கெட்டிக்காரி, ஒன்றும் விடவில்லை.

சந்திரகலா பேனாவைத் தொடவில்லை. ஏஜென்ட்டைப் பார்த்து, "எங்க ஊட்டுக்காரர் ஊட்ல பல்லி கத்துனா எழுந்து உக்காருவாரு சார். ராத்திரி கொழந்த இருமுனா எனக்கு முன்னாடி எழுந்து தண்ணி குடுப்பாரு. அந்த மனுசன் குண்டு சத்தத்துக்கு எழுந்திருக்கலைன்னா, அவர இன்னா பண்ணீங்க அங்க?" என்று கேட்டாள். ஏஜென்ட் ஃபைலை மூடினான். பத்து நாள் தவணை, வரும் திங்கட்கிழமைக்குள் கையெழுத்து வரவில்லையென்றால் கம்பெனி கையை விரித்துவிடும் என்றான். படி இறங்கும்போது அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "பாய், உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" தெரியும் என்றேன். அவள் அடி அண்ணாமலை பஸ் வரும்வரை என் பக்கத்தில்தான் நின்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அப்புறம் நான் சும்மா இருக்கவில்லை. கோர்ட் வாசலில் வக்கீல் சின்னசாமியைப் பிடித்து, நான் கேட்டதையும் வெட்டியதையும் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சின்னசாமி மூக்குக்கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "பாய், இது சொல்லக் கேட்டவன் சாட்சி. அதுவும் நீ ஜோக் எழுதுற ஆளு. இது ஒரு பக்கம் கெடக்கட்டும். அங்க கூட வேலை செஞ்சவன் ஒருத்தன் நேரம் சொன்னா, டூட்டி சீட்டு ஒண்ணு காட்டுனா, கம்பெனி வைத்தியம் பார்த்துத்தான் ஆவணும். தப்பிக்க முடியாது" என்றார். ராமதாஸ் சாரிடமும் போனேன். மீதியைப் போடுங்கள் என்றேன். "முன்பக்கத்துக்குச் சாட்சி வேணும் பாய், சிரிப்புப் பக்கத்துல இதுக்கு எடம் இல்ல" என்றார். அப்படியானால் அந்தப் பக்கத்தில் எனக்கும் இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். என் இடத்தில் இந்த வாரம் இன்னும் ஒரு குறுக்கெழுத்து வருகிறதாம்.

கூட வேலை செய்தவன் யார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

உன் அம்மியிடம் நேற்றுப் பேசிப் பார்த்தேன். சோற்றுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டாள். "என் புள்ளைய உட்டுடு ஜானி. அவன் பாஸ்போர்ட் அவனுங்க கைல இருக்கு. வாயத் தொறந்தா அவன எங்க கொண்டு போயி உடுவானுங்கன்னு உனக்குத் தெரியுமா? ஒருத்தி புருசனை எழுதிப் படுக்க வெச்சது போதாதா?" என்றாள். அவள் சொன்னதில் ஒரு எழுத்துத் தப்பில்லை. இந்தக் கடிதம் அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் எனக்கு அக்கா என்று ஒருத்தி இருக்கமாட்டாள்.

உன்னைப் பற்றியும் எனக்கு ஒன்று தெரியும், மருமகனே. சந்திரகலா போனை ஏன் எடுப்பதில்லை என்று. அந்தச் சனிக்கிழமை மதியம் நீ டூட்டியில் இருந்தாய். கட்டில் தூக்குகிற நாலு பேரும் டூட்டியில் இருந்தீர்கள். அவன் ஒருத்தன்தான் ரூமில் இருந்தான். நீ இருந்திருந்தால் தூக்கியிருப்பாய் என்று உனக்குள் சொல்லிக்கொண்டே இருப்பாய். உன்னை டூட்டிக்கு அனுப்பியதும் அவனைப் பதினாறு மணி நேரம் நிற்க வைத்ததும் ஒரே ஆள்தான். அந்தப் பழியை நீ உன் தோளில் ஏற்றிக்கொள்ளாதே. என் தோளில் ஏறியிருப்பதே என்னால் சுமக்க முடியவில்லை.

அந்த வாய்ஸ் இன்னும் உன் போனில் இருக்கலாம். போன மாதம் கடைசி திங்கட்கிழமை நீ அனுப்பியது. டூட்டி சீட்டு படம் யாரிடமாவது இருக்கும். அவன் எத்தனை மணிக்கு வேலை முடித்துப் படுத்தான், எத்தனை மணிக்குச் சங்கு ஊதியது, இந்த இரண்டு நேரம் போதும். ஒரு வார்த்தை ஜோடனை வேண்டாம். எனக்கு அனுப்ப வேண்டாம், என் நம்பர் அடைத்தபடியே இருக்கட்டும். சந்திரகலா நம்பரைக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நேராக அவளுக்கு அனுப்பு. திங்கட்கிழமைக்கு முன்னால்.

அனுப்ப முடியவில்லை என்றால், அஜ்மலிடம்கூட ஒன்றும் சொல்ல வேண்டாம். சும்மா இரு. நான் புரிந்துகொள்வேன். உன்னை யாரும், சந்திரகலாவும்கூட, ஒரு சொல் சொல்லமாட்டார்கள். சாட்சிக்கு என்று நான் உன் பெயரை அவளிடம் இதுவரை எடுக்கவில்லை.

இதற்கு மேலே ஒரு வரியை மை தீரும்வரை அடித்து வைத்திருக்கிறேன், தெரிகிறதா? தாளைத் திருப்பி விளக்குக்கு நேரே பிடித்தால் படிக்க முடியும். 'எதுவும் சொல்லாதே பேட்டா, உயிரோடு ஊர் வந்து சேர்ந்தால் போதும்' என்று எழுதியிருக்கிறேன். எழுதினதும் உன் மாமுதான், அடித்ததும் உன் மாமுதான். நேற்று ராத்திரியிலிருந்து இந்த இரண்டு பேரும் என்னைத் தூங்க விடவில்லை, சாப்பிட விடவில்லை. யார் சொல்வதைக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் இரண்டு பேரையும் உன்னிடம் அனுப்புகிறேன்.

வெறும் வயிற்றோடு டூட்டிக்குப் போகாதே. நீ கண் அயர்கிற ஒவ்வொரு முறையும் உன்னைத் தொட்டு எழுப்ப ஒரு நல்ல கை உன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் கையேந்துகிறேன். தருமனுக்கும் சேர்த்துத்தான். அல்லாஹ் உன்னைப் பத்திரமாக வைக்கட்டும்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கவும் வாய் கூசுகிற,
மாமு
ஜானி பாஷா